பெட்டி வைக்காத இடம்

கடலைக் கண்ணால் பார்த்து சாராளுக்கு வருஷக்கணக்காகிறது. ஆனாலும் கடலுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் தெரிந்துகொள்பவள் அவள்தான். பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே, ஹார்பரிலிருந்து டிரெய்லர் வண்டியில் ஒரு மணி நேரத் தொலைவில், வயல்காட்டை வளைத்துப் போட்ட கன்டெய்னர் யார்டு ஒன்று உண்டு. அதன் கேட்டுக்கு எதிரே தகரக் கூரை போட்ட நாஷ்டா கடை அவளுடையது. கப்பல் ஒழுங்காக வந்துபோகும் நாட்களில் டிரைவர்கள் வண்டியை விட்டு இறங்கவே மாட்டார்கள். இட்லியைப் பொட்டலமாக வாங்கி மடியில் போட்டுக்கொண்டு பறந்துவிடுவார்கள். கடலில் காற்று என்றால் ஹார்பர் கேட்டை மூடுவார்கள். அங்கே மூடினால் மீஞ்சூர் நிற்கும், மீஞ்சூர் நின்றால் பொன்னேரி நிற்கும், பொன்னேரி நின்றால் சாராள் கடையில் வடகறி தீர்ந்துபோகும்.

அன்றைக்கு விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வடகறி தீர்ந்துவிட்டது. ஐப்பசி மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. ரோட்டில் கண்ணுக்கெட்டிய மட்டும் பெட்டி ஏற்றிய வண்டிகள். நெல்லூர்க்கார டிரைவர் ஒருவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, “ஏமக்கா, பெசரட்டு லேதா?” என்றான்.

“பெசரட்டும் இல்ல, உன் நெய்யும் இல்ல. பொங்கல் கீது, துன்றியா?” என்றாள் சாராள். அவன் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தான். சாப்பிடுகிறவன் முகம் பார்த்துப் பேசுவது அவள் வழக்கமில்லை. அடுப்புக்குப் பின்னால் அவள் உட்காரும் முக்காலி யார்டைப் பார்த்தே போட்டிருக்கும். டிரைவர்கள் அதைக் கடைக்காரியின் கவனம் என்று நினைத்துக்கொள்வார்கள், வண்டி வருகிறதா என்று பார்க்கிறாளாம். அவள் பார்ப்பது வேறு.

யார்டுக்குள்ளே பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இரும்புச் சுவராக நிற்கும். வேலியிலிருந்து மூன்றாவது வரிசையில் மட்டும் ஓர் இடம் காலி. பல்லுப்போன வாய் மாதிரி அங்கே ஒரு சந்து, அந்தச் சந்து வழியாகப் பின்னாலிருக்கும் வானம் தெரியும். பெட்டியைக் கவ்வித் தூக்கி அடுக்குகிற ஸ்டாக்கர் வண்டியை ஓட்டுகிறவன் சாராளின் புருஷன் எட்வர்ட். அந்த இடத்தில் அவன் பெட்டி வைக்க மாட்டான். அடியில் அவர்களுடைய மூத்த பெண் மோனிகா படுத்திருக்கிறாள்.

யார்டு வருவதற்கு முன்னால் அது ஆதிநாராயணனின் நஞ்சை. காலனிச் சனம் முழுதும் அவர் வயலில்தான் நாற்று நட்டது. வயலோரம் ஒரு மேட்டைச் செத்தவர்களுக்கு என்று வாய்ச்சொல்லாக விட்டுவைத்திருந்தார். பெரியவர்களுக்குச் சிலுவை நடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சிலுவை கிடையாது. குழியில் உப்பைக் கொட்டி மூடி, நரி தோண்டாமல் மேலே கருவேல முள்ளை வெட்டிப் போடுவதோடு சரி. மூன்று நாள் காய்ச்சலில் போன மோனிகாவுக்கும் முள்தான். பூமி விற்றுப்போனபோது, “உங்க ஆளுங்கள எடுத்துக்கினு போங்கப்பா” என்று ஆதிநாராயணன் தவணை கொடுத்தார். சிலுவை இருந்தவர்களையெல்லாம் தோண்டி, ஏரிக்கரைப் பக்கம் புதுக் கல்லறைத் தோட்டத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். எட்வர்டின் அம்மாவும் அப்படிப் போனவள்தான்.

மோனிகாவை எடுக்கவில்லை. அப்போது சாராள் ஜெனிபரைச் சுமந்துகொண்டிருந்தாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது செத்த பிள்ளையின் குழியைத் திறந்தால், செத்தது வந்து இருப்பதைக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடும் என்பது காலனிப் பேச்சு. பாஸ்டர் வந்து அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பிரசங்கமே செய்தார். ஆமென் என்று சொல்லிவிட்டு ஒருத்தரும் மண்வெட்டியைத் தொடவில்லை. இருக்கிற பிள்ளைக்காகப் போன பிள்ளையை விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு லாரி லாரியாகச் செம்மண் கொட்டி ஆள் உயரத்துக்கு மேடாக்கினார்கள். வரப்போரத்துப் பனைமரத்தை வெட்டுவதற்கு முந்தின நாள், எட்வர்ட் அதிலிருந்தும் ரோட்டிலிருந்தும் கால் வைத்து அளந்து இடத்தை நெஞ்சில் குறித்துக்கொண்டான். அந்த யார்டிலேயே வேலைக்கும் சேர்ந்தான். வேறு எத்தனையோ கம்பெனி கூப்பிட்டும் அவன் போகாததற்குக் காரணம் அதுதான்.

ஒவ்வொரு சூப்பர்வைசரையும் எட்வர்ட் எப்படியோ சரிக்கட்டி வைத்திருந்தான். ஜெனிபர் காலேஜ் முடித்துவிட்டு அதே யார்டின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த பிறகு அந்தக் கவலையும் விட்டது. எந்தப் பெட்டி எந்த இடத்துக்கு என்று போடுகிறவளே அவள்தான். தரை அமுங்கியிருக்கிறது என்று எழுதி, கம்ப்யூட்டரில் அந்த இடத்தை மூடி வைத்துவிட்டாள்.

வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று எல்லாரும் மெழுகுவத்தி கொளுத்தும்போது, எட்வர்ட் மட்டும் யார்டில் இருப்பான். உள்ளே நெருப்புப் பற்றவைக்கக் கூடாது. அதனால் பொழுது சாயும் நேரத்தில் ஸ்டாக்கரை அந்தச் சந்துக்கு நேரே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பான். இந்தப் பக்கம் கடையிலிருந்து சாராள் அந்த வெளிச்சத்தைப் பார்ப்பாள். அவர்கள் இரண்டு பேரும் அந்தப் பிள்ளைக்குச் செய்தது அவ்வளவுதான்.

இதில் எட்வர்டுக்குத் தெரியாத ஒன்று உண்டு. பிள்ளையைக் குழிக்குக் கொண்டுபோகும்முன் இரண்டு காலிலும் கொலுசை மாட்டிவிட்டவன் அவன். துணியைச் சுற்றிக் கட்டும்போது, யாரும் பார்க்காமல் ஒரு கொலுசைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள் சாராள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை சும்மா வரமாட்டேன் என்றது, அவ்வளவுதான். பெற்ற பிள்ளையிடம் திருடியவள் என்று தன்னைத் தானே நொந்துகொண்டு அதைச் சுருக்குப் பையில் போட்டு வைத்தவள், இன்றுவரை அதை வெளியே எடுத்ததில்லை.

சில வருஷத்துக்கு முன்பு ஒரு சாயங்காலம் எட்வர்ட் சொன்னான்: “அந்தச் சந்துல கொலுசு சத்தம் கேக்குது மே.”

“காத்துல சங்கிலி ஆடும்.”

“சங்கிலி சத்தம் எனக்குத் தெரியாதா? கொலுசுதான். ஆனா ஒரு கால்லதான் கேக்குது. இன்னொரு கால வெக்கற சத்தம் வரமாட்டேங்குது. நொண்டி ஆடற மாதிரி.”

சாராள் சுருக்குப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “போய்க் குளி. தலையெல்லாம் தூசு” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குப் பொங்கல் பாத்திரம் காலியாகும் நேரத்தில் எட்வர்ட் வந்தான். பகல் ஷிப்டு. கூடவே ஜெனிபர் குடையோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க.

“இன்னா மே, ரோடே நின்னுகினு கீது?”

“ஹார்பர மூடிட்டாங்களாம். குந்து, துன்னு. கருவாட்டுக் குழம்பு தனியா எட்துவெச்சேன்.”

எட்வர்ட் உட்கார்ந்தான். ஜெனிபர் உட்காரவில்லை.

“நைனா, யார்டுல எடமே இல்ல. தேர்வாய் கண்டிகை கம்பெனிங்கள்லேர்ந்து ஹார்பருக்குப் போன லோடெல்லாம் உள்ள வுடாம திருப்பி இங்க அனுப்பிக்கினு கீறாங்க. புது மேனேஜரு நேத்து ஸ்கிரீனப் பாத்துட்டு, இது இன்னா ஓட்டைன்னு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்ன?”

“எப்பவும் சொல்றதுதான். தர அமுங்கிக்கீது, பெட்டி வெச்சா சாஞ்சிடும்னேன். நானே போய்ப் பாக்கறேன்னு போனாரு. போய்ப் பாத்துட்டு வந்து ஒண்ணுமே பேசல நைனா. அதான் எனக்குப் பேஜாரா கீது. பொய்யா போட்டேன்னு தெரிஞ்சா என்னை வெளிய அனுப்பிடுவாங்க.”

எட்வர்ட் பாதிச் சோற்றில் கையைக் கழுவினான்.

“யோவ், துன்னுட்டுப் போய்யா” என்றாள் சாராள்.

“போதும் மே.” ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவன், “நாளைக்குக் கல்லறைத் திருநாளு. இன்னிக்குன்னு இது வந்து நிக்குது பாரு” என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தான். அவன் நடை அவளுக்குப் பிடிக்கவில்லை. மாட்டை அறுப்புக்குக் கொண்டுபோகிறவன் நடை அது.

மத்தியானம் காற்று ஏறியது. தகரக் கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. சாராள் பாத்திரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் அன்புசெல்வன் நனைந்துகொண்டே ஓடிவந்தான். எட்வர்டை அண்ணே என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிடுகிற பையன், அவள் கையால் தின்றவன். கெட்டவன் இல்லை.

“அக்கா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க. அண்ணன் பெட்டியத் தூக்கிக்கினு நிக்கிறாரு. எறக்க மாட்டேன்றாரு.”

“எங்க?”

அவன் அந்தச் சந்தின் பக்கம் பார்த்தான்.

“மேனேஜரு அங்கதான் வெக்கணும்னு ஆர்டர் போட்டுட்டாரு அக்கா. வேற எடமில்ல. அண்ணன் பெட்டிய எடுத்தாரு, அந்த எடத்துக்கு மேல கொண்டுபோனாரு, அப்பிடியே நின்னுட்டாரு. இந்தக் காத்துல பெட்டிய ஒயரத்துல பிடிச்சிக்கினு நின்னா வண்டியே கவுந்துடும். கீழ எறங்குன்னாலும் எறங்கல. மேனேஜரு போலீஸக் கூப்புடறேன்றாரு. ஒரு யார்டுல பேர் கெட்டா எல்லா யார்டுலயும் கெட்டுடும், ஒங்களுக்குத் தெரியாதா? ஜெனிபர் பேரும் அடிபடுது.”

கேட்டில் அவளை நிறுத்தி மஞ்சள் ஹெல்மெட்டையும் ஆரஞ்சு கலர் சட்டையையும் மாட்டிவிட்டார்கள். சேலைமேல் அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, செக்யூரிட்டிக்காரனே ஒரு கணம் சிரிப்பை அடக்கினான். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை.

நாற்று நட்ட காலத்துக்குப் பிறகு அந்தப் பூமியில் அவள் கால் வைப்பது அன்றைக்குத்தான். இங்கே களத்துமேடு, இங்கே வாய்க்கால், இங்கே கஞ்சிக் கலயம் வைக்கிற புங்கமரம் என்று கால் தானாகத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் சிமெண்டுத் தரை, மஞ்சள் கோடு, நம்பர். இரண்டு பக்கமும் இரும்புச் சுவர் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. எந்தெந்த ஊர்ப் பெட்டியோ, எந்தெந்தத் தேசத்து எழுத்தோ! வெளியே கடையிலிருந்து பார்த்தபோது தெரிந்த யார்டு வேறு, இது வேறு. அந்த ஒரு சந்து மட்டும் இல்லையென்றால், தன் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று காட்ட இந்தப் பூமியில் ஓர் அடையாளமும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஸ்டாக்கர் உறுமிக்கொண்டு நின்றது. அதன் நீண்ட கையில் நீலப் பெட்டி ஒன்று அந்தரத்தில் லேசாக ஆடியது. மேனேஜர் தூரத்தில் குடையின் கீழே போனில் கத்திக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற டிரைவர்கள் ஹாரனை அடித்துத் தீர்த்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில், நிற்கக் கூடாத இடத்தில், ஜெனிபர் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“மா, நைனா என்னைக்கூடப் பாக்க மாட்டேன்றாரு மா. எல்லாம் என்னாலதான. அன்னிக்கு நான் வயித்துல இல்லன்னா மோனிகா அக்காவ எடுத்திருப்பீங்க.”

இந்தப் பேச்சை இந்தப் பெண் எத்தனை காலமாக உள்ளே வைத்திருந்தாள் என்று சாராளுக்குத் தெரியாது. தன் வீட்டில் தூக்கம் கெட்டவர்கள் இரண்டு பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், மூன்று பேர் என்று தெரிந்துகொண்டாள்.

“வாய மூடிக்கினு என் காலப் பிடிச்சிக்க” என்று சொல்லிவிட்டு, சேலையை வாரிச் செருகிக்கொண்டு ஏணிப் படியில் ஏறினாள். ஜெனிபர் கீழ்ப்படியில் நின்று அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

கேபினுக்குள்ளே எட்வர்ட் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். லீவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

“எறக்குய்யா.”

“மாட்டன் மே. வேற எவனாச்சும் நான் பாக்காதப்ப வெக்கட்டும். எங்கையால எம் பொண்ணு தலமேல வெக்கச் சொல்றியா நீ?”

“பெட்டி ஆடுது. வண்டி சாஞ்சா நீ மட்டுமா போவ? கீழ ஜெனி நிக்குது பாரு.”

“அவள அப்பால இட்டுகினு போ. நீயும் போ.”

“போலீஸக் கூப்புடறானாம்.”

“கூப்புடட்டும். நான் இன்னா திருடனா? இத்தினி நாளு இந்த யார்டு முழுக்கப் பெட்டிய அடுக்கனேன். ஒரே ஒரு எடம் மே. கப்பல் வர்ற எடமெல்லாம் அவனுங்களுது, ரோடு அவனுங்களுது, வயலு அவனுங்களுது. எம் பொண்ணு படுத்துக்கீற எடம், ஒரு பாய் அகலம் இருக்குமா? அத்தயும் கேக்கறானுங்களே.” அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “நீ சொல்லு. வெக்கணும்னா நீ சொல்லு.”

சாராள் அந்தச் சந்தைப் பார்த்தாள். இத்தனை கிட்டத்தில் அதைப் பார்த்ததில்லை. ஈரச் சிமெண்டுத் தரை, மூலையில் கொஞ்சம் தண்ணீர், முளைத்துக் காய்ந்த ஒரு புல். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்திருந்தால் அவளும் இறக்காதே என்றுதான் சொல்லியிருப்பாள். கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

“யோவ், ஒண்ணு சொல்றன். அவ அங்க இல்ல.”

“இன்னா?”

“அங்க இல்ல. மண்ணு கொட்ட லாரி வர்றதுக்கு முந்தின நாளு, நீ பொன்னேரிக்குப் போயிருந்த. நான் மண்வெட்டி எட்துகினு போனன். தோண்டி எட்துட்டன்.”

எட்வர்ட் முதன்முறையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான்.

“மாசமா இருந்தியே மே.”

“இருந்தன். அதான் சொல்லல. சொன்னா ஒங்க சனம் என்னை உயிரோட வுட்டிருக்குமா? ஜெனி பொறந்து, நல்லா வளந்து, அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தன். நீ இந்த எடத்தக் காத்துக்கினு நிக்கறதப் பாத்ததும் சொல்ல வாய் வரல.”

“எங்க வெச்ச?”

“ஒங்கம்மா கால்மாட்டுல. புதுசா கொண்டாந்து பொதச்சமே, சிமெண்டு பூசாம கெடந்துச்சே, அப்ப. ஆயாவோட படுத்துக்கடின்னு சொல்லி வெச்சிட்டு வந்தன்.”

“பொய் சொல்ற.”

அவள் சுருக்குப் பையை அவிழ்த்தாள். சில்லறைக்கு அடியிலிருந்து கருத்துப்போன அந்தக் கொலுசை எடுத்து அவன் மடியில் வைத்தாள். எட்வர்ட் அதைத் தொட்டான். திருகாணி தேய்ந்து கழன்று விழுகிறது என்று அவனே நூல் சுற்றிக் கட்டிய இடத்தில், நூல் மக்காமல் இன்னும் இருந்தது. மண்ணுக்குள் இருந்த கொலுசில் நூல் எப்படி இருக்கும் என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிள்ளையைப் பெற்றவனுக்கு அந்த நேரத்தில் கணக்கா வரும்?

“ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு?”

“தேடனன். ஆப்புடல. மண்ணோட பூட்ச்சி.”

எட்வர்ட் கண்ணை மூடிக்கொண்டான். “அதான் மே,” என்றான் மெதுவாக. “அதான் ஒத்தக் கால் சத்தம். கொலுசுதான் அங்க கீது. அவ இல்ல.”

“அவ இல்ல” என்றாள் சாராள். பிள்ளையோடு ஒற்றைக் கொலுசுதான் மண்ணுக்குள் போனது என்று தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்தி. அவனுக்கு எப்படிக் கேட்டது ஒற்றைக் கால் சத்தம்?

கணுக்காலில் ஜெனிபரின் பிடி ஒரு கணம் இறுகியது, பிறகு தளர்ந்தது. கீழே அவளுக்கும் கேட்டிருந்தது.

எட்வர்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வெளியே எட்டிப் பார்த்து, “ஜெனி, இதுல இன்னா லோடு?” என்று கேட்டான்.

“டயரு, நைனா.”

“சரி. அப்பால போய் நில்லு.”

மற்ற ஆபரேட்டர்கள் பெட்டியை வைத்தால் டம்மென்று பூமி அதிரும். அன்றைக்கு எட்வர்ட் வைத்த பெட்டி சத்தமே போடவில்லை. தூங்குகிற பிள்ளைமேல் போர்வையை இழுத்து விடுகிறவன்போல் இறக்கினான். சந்து அடைந்தது. அதன் வழியே தெரிந்த வானமும் போனது. ஹாரன் சத்தம் நின்று, வரிசை நகர ஆரம்பித்தது. படியில் நின்றபடியே அதைப் பார்த்த சாராளுக்கு ஒப்பாரி வைக்க வேண்டும்போல் இருந்தது. வைக்க முடியாது. அங்கேதான் யாரும் இல்லையே.

வேலை போகவில்லை. அன்புசெல்வன் இடையில் நின்று பேசி, இரண்டு நாள் வீட்டிலிரு என்பதோடு முடித்துவிட்டான். ஜெனிபருக்கு ஒரு திட்டு.

மறுநாள் சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஏரிக்கரைக் கல்லறைத் தோட்டத்தில் சனம் நிறைந்திருந்தது. சாமந்தி மாலை, மெழுகுவத்தி, பொரி. எட்வர்ட் முதல்முறையாகக் கல்லறைத் திருநாளுக்கு அங்கே வந்தான். அம்மாவின் கல்லறைக் கால்மாட்டில் மண்டியிட்டு, கையாலேயே மண்ணைப் பறித்துக் கொலுசை உள்ளே வைத்து மூடினான். சின்னதாக ஒரு சிலுவை, அவனே பலகை அறுத்துச் செய்தது, பேர் எழுதி நட்டான். பாஸ்டர் ஜெபம் பண்ணினார். எட்வர்ட் வாய்விட்டு அழுதான், அழுதுவிட்டு எழுந்தபோது முகம் தெளிந்திருந்தது. தோட்டத்து வாசலில் போட்டிருந்த கடையில் ஜெனிபருக்கு அல்வா வாங்கிக் கொடுத்தான்.

“மா,” என்றாள் ஜெனிபர், சாராளின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “நான் வயித்துல இருக்கசொல்லவே குழியத் தொறந்தியே, ஒனக்குப் பயமா இல்லியா?”

“பயந்தா ஆவுமா?”

“எனக்கு ஒண்ணும் ஆவல பாத்தியா?”

“ஆவல” என்றாள் சாராள். மெழுகுவத்தி எரிகிற பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை வெளிச்சமும் அங்கே இருக்க, தன் பிள்ளை இருட்டில் தனியாகக் கிடப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஹார்பரைத் திறந்துவிட்டார்கள். ரோடு ஓடியது. டிரைவர்கள் இறங்காமல் பொட்டலம் வாங்கிக்கொண்டு பறந்தார்கள். அந்த நீலப் பெட்டி கப்பலேறிப் போயிற்று. அந்த இடத்தில் வேறொன்று வந்தது, அதன்மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று. இப்போது அது கம்ப்யூட்டரிலும் திறந்த இடம். வைக்கிறவன் எட்வர்ட்தான். மற்ற இடத்தில் வைப்பதுபோல டம்மென்றே வைக்கிறான்.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு சாயங்காலம், ஷிப்டு முடிந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டான். நன்றாகத் தூங்குகிறவன் முகம்.

“இப்பல்லாம் ஒண்ணும் கேக்கறதில்ல மே. கம்முனு கீது. அன்னிக்கே சொல்லியிருந்தா இத்தினி வருசம் நான் பேஜார்படாம இருந்திருப்பேன்.”

“என் தப்புதான்” என்றாள்.

“முக்காலிய ரோட்டுப் பக்கமா திருப்பிப் போட்டுக்கயேன். அந்த இரும்பையே இன்னா பாத்துக்கினு?”

“இருக்கட்டும். இந்தப் பக்கம்தான் காத்து வருது.”

காற்று வரவில்லை. தகரக் கூரைகூட அசையவில்லை. டீயை ஆற்றிக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம், மூன்றாவது வரிசையில், அடைத்து நின்ற இரும்புக்கு உள்ளேயிருந்து மெல்லிசாக ஒரு சத்தம். கொஞ்சம் நின்று, மறுபடியும். ஒரு கால் மட்டும்.

“இன்னா மே?” என்றான் எட்வர்ட்.

“ஒண்ணுமில்ல. நீ குட்ச்சிட்டுக் கெளம்பு. நான் கட சாத்திட்டு வரேன்.”

டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்புக்குக் குனிந்தாள். அவனுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“இருடி. நைனா போயிடட்டும்.”